பிளகின் கோப்பில் நுழைந்த குப்பை வரி, அழித்தாலும் திரும்ப வருகிறது. உதவி தேவை

கேள்வி:
வணக்கம். எங்கள் வாசகர் வட்டத்தின் வேர்ட்பிரஸ் தளம் கணினியில் ஒழுங்காகத் திறக்கிறது. ஆனால் கைப்பேசியில் கூகுள் வழியாக வருகிறவர்கள் நேராகச் சூதாட்டத் தளத்துக்குப் போய்விடுகிறார்கள். தொடர்புப் படிவ பிளகினின் (தளத்துக்குக் கூடுதல் வசதி தரும் துணை நிரல்) கோப்பைத் திறந்தேன். முதல் வரியில் பிஎச்பி தொடக்கக் குறி மட்டும்தான் தெரிந்தது. வலப்பக்கமாக நகர்த்திக்கொண்டே போனால், நீண்ட வெற்றிடத்துக்கு அப்புறம் ‘ஈவால்’, ‘பேஸ்64 டிகோட்’ என்று, மறைத்து வைத்த நிரலை ஓட்டுகிற கட்டளைகளாக ஒரே குப்பை. அழித்தேன். மறுநாள் காலையில் அதே வரி அங்கேயே இருக்கிறது. என்ன செய்யலாம்?

பதில் 1:
அந்த வரியோடு மல்லுக்கட்டாதீர்கள், அதை எழுதுகிற கோப்பு வேறெங்கோ இருக்கிறது. எதையும் அழிப்பதற்கு முன் கோப்புகள், டேட்டாபேஸ், அக்சஸ் லாக் (தளத்துக்கு யார் எப்போது வந்தார்கள் என்ற பதிவு) மூன்றையும் இப்போது இருக்கிறபடியே நகலெடுத்து வையுங்கள். பழைய லாக் சர்வரில் ரொம்ப நாள் நிற்காது. அப்புறம் டபிள்யூபி-சிஎல்ஐ-யில் (வேர்ட்பிரஸைக் கட்டளை வரியில் இயக்கும் கருவி) ‘வெரிஃபை-செக்சம்ஸ்’ கட்டளையை கோருக்கு (வேர்ட்பிரஸின் அடிப்படைக் கோப்புகள்) ஒரு முறை, பிளகின்களுக்கு ஒரு முறை ஓட்டுங்கள். செக்சம் என்பது கோப்பின் கைரேகை மாதிரி. மூலத்திலிருந்து மாறிய கோப்புகளை அது காட்டிக்கொடுக்கும்.

கேட்டவர்:
ஓட்டினேன் அண்ணா. கோர் சரியாக இருக்கிறது. படிவ பிளகினில் அந்தக் கோப்பு மாறியிருக்கிறது, கூடவே மூலத்தில் இல்லாத ஒரு கோப்பும் இருக்கிறது. ஸ்லைடர் பிளகினுக்கு மட்டும் செக்சம் கிடைக்கவில்லை. காசு கொடுத்து வாங்க வேண்டிய பிளகின் அது. தளம் அமைத்துக் கொடுத்தவர் போட்டது, உரிமச் சாவி எங்களிடம் இல்லை.

பதில் 2:
ஸ்லைடர் பிளகின் உரிமம் உடைத்த நகலாக இருந்தால், பெரும்பாலும் திருடர்கள் நுழைந்த வாசல் அதுதான். ஃபோல்டரோடு தூக்கிவிடுங்கள். மற்ற பிளகின்களையும் வரி வரியாகச் சுத்தம் செய்ய வேண்டாம், முழுதாக அழித்துவிட்டுப் புதிதாக இறக்குங்கள். அப்லோட்ஸ் ஃபோல்டரில் பிஎச்பி கோப்பு இருந்தால் சந்தேகப்படுங்கள், அங்கே படங்களும் ஆவணங்களும்தான் இருக்க வேண்டும். முக்கியமாக ‘மு-பிளகின்ஸ்’ (கட்டாயம் ஓடும் பிளகின்கள்) ஃபோல்டரைப் பாருங்கள். அதில் கிடப்பது தானாகவே ஓடும், நிறுத்துவதற்குப் பொத்தானே கிடையாது.

பதில் 1:
செக்சம் பொருந்திவிட்டது என்று பயனர் பட்டியலைப் பார்க்காமல் விடாதீர்கள். 2024 ஜூனில் சோஷியல் வார்ஃபேர் உள்ளிட்ட சில பிளகின்களின் அதிகாரபூர்வப் பதிப்பிலேயே விஷம் கலந்தார்கள். அப்படிப்பட்ட கோப்பு செக்சமில் பிடிபடாது. அது ரகசியமாக நிர்வாகி கணக்குகளை உருவாக்கியது.

கேட்டவர்:
மு-பிளகின்ஸில் கேஷ் பிளகின் (பக்கங்களை வேகமாகத் திறக்க உதவுவது) மாதிரி பெயர் வைத்த கோப்பு ஒன்று இருந்தது! படிவ பிளகினில் அந்த வரியை எழுதுவது அதுதான். யாருக்கும் தெரியாத நிர்வாகி கணக்கும் ஒன்று இருந்தது. இரண்டையும் நீக்கி, பிளகின்களைப் புதிதாக இறக்கிவிட்டேன். கைப்பேசியில் இப்போது எங்கள் பக்கமே திறக்கிறது.

பதில் 2:
நல்லது. இனி கடவுச்சொற்களை மாற்றுங்கள்: நிர்வாகிகள், டேட்டாபேஸ், எஃப்டிபி (சர்வருக்குக் கோப்பு ஏற்றும் வழி), ஹோஸ்டிங் எல்லாம். கான்ஃபிக் கோப்பில் ‘சால்ட்’ சாவிகளையும் (லாகினைப் பாதுகாக்கும் ரகசிய எழுத்துகள்) மாற்றினால், திருட்டுத்தனமாக லாகின் ஆகியிருப்பவர்கள் வெளியேறிவிடுவார்கள். கூகுள் சர்ச் கன்சோலில் பாதுகாப்பு எச்சரிக்கை இருந்தால், அங்கேயே மறுபரிசீலனை கேளுங்கள்.