புதுப்பிப்பு: பைன் தோப்பில் வெட்டு முடிந்தது, உரம் இனிமேல்தான்

முதிர்ந்த பைன் தோப்பில் நெருக்கத்தைக் குறைக்கும் வெட்டையும் உரத்தையும் ஒரே வருடத்தில் வைத்துக்கொள்ளலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். வெட்டு முடிந்து இரண்டு வருடம் ஆகிறது. வளைந்தவை, கவைத்தவை, வெளிச்சம் கிடைக்காமல் அடங்கிப்போனவை எல்லாம் போயாயிற்று.

உரத்தைத் தள்ளிப்போட்டது சரி என்றே நினைக்கிறேன். உரம் வேலை செய்வது ஊசியிலைகள் வழியாகத்தான். இலை பெருக மேலே இடம் வேண்டும். நெருங்கிய தோப்பில் கொட்டினால் நலிந்த மரங்கள் இன்னும் சீக்கிரம் சாகும்.

போன வாரம், வருடா வருடம் மரம் எவ்வளவு பருத்தது என்று காட்டும் வளையங்களைப் பார்க்க, துளைகருவியால் ஒரு மரத்தின் தண்டிலிருந்து பென்சிலைவிட மெல்லிய குச்சி எடுத்தேன். நூல் நூலாக நெருங்கியிருந்த வளையங்களுக்குப் பிறகு, கடைசி வளையம் மட்டும் சட்டென்று அகன்றிருந்தது. வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்புறம், குளிர்காலத்தில் உச்சிக் கிளைகளின் ஊசியிலைகளைப் பரிசோதனைக்கு அனுப்புவேன். பாஸ்பரஸும் குறைவா என்று பார்க்காமல் யூரியா மட்டும் போடுவதில் எனக்கு உடன்பாடில்லை. காய்ந்த வெயிலில் போட்டால் யூரியாவின் நைட்ரஜன் அம்மோனியாவாகப் பறந்துவிடும். அதனால் குளிர்ந்த, மழைக்கு முந்தைய நாள்தான்.

ஒரு வருத்தம்: வெட்டிய மரங்களை இழுத்துச் சென்ற வண்டி உரசி, வழியோரத்து நல்ல மரங்கள் சிலவற்றின் அடிப்பட்டை உரிந்துவிட்டது. பிசின் வடிகிறது. வண்டுத் துளை விழுகிறதா என்று வாராவாரம் பார்த்து வருகிறேன்.