சீலிங்கில் புறா எச்சம்: அம்மம்மாவை அந்த அறையில் படுக்க விடலாமா?

கல்லடிப் பெடியன்:
எங்களுடையது பழைய ஓட்டு வீடு. ஓட்டுக்கும் சீலிங்குக்கும் நடுவில் புறாக்கள் வருடக்கணக்காகக் குடும்பம் நடத்தி, எச்சம் காய்ந்து சாம்பல் மாதிரிக் குவிந்து கிடக்கிறது, கச்சான் காற்று அடிக்கிற நாளில் பலகை இடுக்கால் கொட்டி அம்மம்மாவின் தலையணை வரை வருகிறது. அவவுக்கு முட்டு வருத்தம் (ஆஸ்துமா), கனகாலமாகப் பிரட்னிசொலோன் என்கிற ஸ்டீரொயிட் குளிசை போடுகிறா. புறா எச்சத்தால் மூளைக்காய்ச்சல் வரும் என்று பக்கத்து வீட்டு அன்ரி பயம் காட்டுகிறா. மாமாவோ தும்புத்தடியால் கூட்டி அள்ளினால் முடிந்தது என்கிறார். யார் சொல்வது சரி?

தாதி அக்கா:
அன்ரி சொன்னதில் உண்மை இருக்கிறது தம்பி. கிரிப்டோகாக்கஸ் என்கிற பூஞ்சை பழைய புறா எச்சத்தில் நன்றாக வளரும். எமன்ஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1955இலேயே அதைக் காட்டிவிட்டார். புறாவுக்குப் பொதுவாக ஒன்றும் ஆகாது, அதன் உடம்புச் சூடு 41 பாகையை ஒட்டி இருப்பதால் பூஞ்சைக்கு ஒத்துவராது. நாம் அந்தத் தூளை மூச்சோடு இழுத்தால் நுரையீரலுக்குப் போகும். சுகமாக இருப்பவர்களுக்குப் பெரும்பாலும் தெரியாமலே அடங்கிவிடும். எச்ஐவி உள்ளவர்கள், சிறுநீரகம் மாற்றியவர்கள், உங்கள் அம்மம்மாவைப் போல நாள்பட ஸ்டீரொயிட் எடுப்பவர்கள், இவர்களுக்கு நோய் எதிர்ப்புச் சக்தி குறைவு என்பதால் மூளை உறை வரை போகும் ஆபத்து அதிகம். முதலில் அவவை வேறு அறைக்கு மாற்றுங்கள், மிச்சத்தைப் பிறகு பேசலாம். பயத்தில் குளிசையை மட்டும் திடீரென்று நிறுத்திவிடாதீர்கள், அது வேறு ஆபத்து.

கல்முனை மேசன்:
மாமாவிடம் தும்புத்தடியைக் கொடுக்காதீர்கள்! காய்ந்ததைக் கூட்டினால் தூள் வீடு முழுக்கப் பறக்கும். சவர்க்காரத் தண்ணீரை மெல்லத் தெளித்து, நன்றாக ஊறவிட்டு, சுரண்டி எடுத்து இரட்டைப் பையில் கட்டுங்கள். பைப்பால் பீய்ச்சி அடிக்க வேண்டாம். என்95 மாஸ்க்கும் கையுறையும் கட்டாயம், துணி மாஸ்க் சரிவராது. அப்புறம் ஓட்டு இடைவெளிகளுக்குக் கோழிவலை அடிக்க வேண்டும், உள்ளே குஞ்சு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு. வலை அடிக்காவிட்டால் மாரிக்கு முதல் எல்லாம் திரும்பி வந்துவிடும்.

கல்லடிப் பெடியன்:
சரி அண்ணா. அக்கா, அவவுக்கு ஏற்கெனவே தொற்றியிருந்தால் எப்படித் தெரியும்? எங்களுக்கும் ஒட்டுமா?

தாதி அக்கா:
ஆளிலிருந்து ஆளுக்கு ஒட்டாது. கிழமைக்கணக்கில் விடாத தலையிடி, காய்ச்சல், சத்தி, ஆள் குழம்பிப் பேசுவது, இதில் எது கண்டாலும் பனடோல் கொடுத்துப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், கட்டிலுக்கு மேலே புறா எச்சம் இருந்தது, ஸ்டீரொயிட் எடுக்கிறா என்று டொக்டர் கேட்கும் முன்பே சொல்லுங்கள். இரத்தத்திலும் முள்ளந்தண்டு நீரிலும் சோதித்துப் பார்ப்பார்கள். மருந்து இருக்கிறது, ஆனால் மூளைக்குப் போயிருந்தால் மாதக்கணக்கில் எடுக்க வேண்டிவரும்.