அலெய்ன் லாக்: எழுத்தாளர்களை வளர்த்தவரா, வடிகட்டியவரா?

தேரிக்காடு:
அமெரிக்கக் கறுப்பினத் தத்துவப் பேராசிரியர் அலெய்ன் லாக் தொகுத்த ‘தி நியூ நீக்ரோ’ என்ற கறுப்பின எழுத்துத் தொகுப்பு 1925இல் வெளிவந்தது. அதை முன்வைத்து அவரைக் கறுப்பின இலக்கியத்தின் வளர்ப்புத் தந்தை என்று கொண்டாடுபவர்கள், அவருடைய கத்தரிக்கோலைப் பற்றிப் பேசுவதேயில்லை. கறுப்பினக் கவிஞர் கிளாட் மெக்கே அனுப்பிய ஒரு கவிதையின் தலைப்பு ‘வெள்ளை மாளிகை’. தன் முகத்துக்கு எதிரே அடைக்கப்பட்ட கதவின் முன்னால் சினத்தை அடக்கிக்கொண்டு நிற்கும் ஒருவனின் குரல் அது. அமெரிக்கக் குடியரசுத் தலைவரின் இல்லத்தைத்தான் கவிஞர் சொல்கிறார் என்று எவரேனும் எடுத்துக்கொள்வார்களோ என்று அஞ்சிய லாக், மெக்கேயிடம் ஒரு வார்த்தைகூடக் கேட்காமல் தலைப்பை ‘வெள்ளை வீடுகள்’ என்று மாற்றி அச்சேற்றினார். மெக்கே கொதித்துப்போனார். அச்சம் கொண்டவர் தொகுப்பாசிரியர். விலை கொடுத்ததோ கவிதை.

கரிசல்வாசி:
மெக்கே விஷயத்தில் லாக் செய்தது தவறு என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அந்த ஒரு தலைப்பை வைத்து அவருடைய வாழ்நாள் பணியை எடைபோடுவது நியாயமாகாது. லாக் பணியாற்றிய, வாஷிங்டனில் உள்ள ஹோவர்டு பல்கலைக்கழகத்தில் கறுப்பினப் பேராசிரியர்களுக்குச் சமமான ஊதியம் கேட்டு எழுந்த பூசலை ஒட்டி, 1925இல் அவர் பணிநீக்கம் செய்யப்பட்டார். அந்தத் தொகுப்பு வெளிவந்தபோது அவர் வேலையற்றவர். 1928இல்தான் மீண்டும் அங்கே சேர்ந்தார். அதற்கெல்லாம் முன்பே, 1916இல், சக பேராசிரியர் மாண்ட்கோமரி கிரெகரியுடன் சேர்ந்து ‘ஸ்டைலஸ்’ என்ற இலக்கியக் குழுவை அவர் அங்கே தொடங்கியிருந்தார். எழுத்தாளர் சோரா நீல் ஹர்ஸ்டனின் முதல் சிறுகதை 1921இல் அக்குழுவின் இதழில்தான் வெளியானது. ‘தி நியூ நீக்ரோ’ தொகுப்பில் ஹர்ஸ்டனின் கதை இடம்பெற்றபோது அவர் பெயரில் ஒரு நூல்கூட வந்திருக்கவில்லை. அதே தொகுப்பில் இடம்பெற்ற கவிஞர் லாங்ஸ்டன் ஹியூஸின் முதல் கவிதை நூலும் 1926இல்தான் வந்தது. பெயர் பெற்றவர்களைத் திரட்டிப் பெயர் வாங்குவது எளிது. அவர் செய்தது அதுவன்று.

வைகைக்கரை:
ஹியூஸைக் கண்டெடுத்த பெருமையை லாக்கின் கணக்கில் எழுதுவதற்கு முன், ஹியூஸே என்ன சொன்னார் என்று பார்க்க வேண்டும். 1940இல் வெளிவந்த தன்வரலாற்றில், இந்த இலக்கியத்துக்கு மருத்துவச்சிகளாக இருந்தவர்கள் என்று அவர் மூவரைக் குறிப்பிடுகிறார்: நாவலாசிரியை ஜெஸ்ஸி ஃபாஸெட், ‘ஆப்பர்சூனிட்டி’ இதழின் ஆசிரியர் சார்ல்ஸ் ஜான்சன், அலெய்ன் லாக். ‘தி க்ரைசிஸ்’ என்ற கறுப்பின உரிமை இதழின் இலக்கிய ஆசிரியராக இருந்த ஃபாஸெட்தான் ஹியூஸின் புகழ்பெற்ற நதிக் கவிதையை 1921இல் வெளியிட்டவர்.

1924 மார்ச் 21 அன்று நியூயார்க் சிவிக் கிளப்பில் நடந்த விருந்தை எண்ணிப் பாருங்கள். அது ஃபாஸெட்டின் முதல் நாவலைப் பாராட்டும் விருந்தாகவே முதலில் திட்டமிடப்பட்டது. தலைமை ஏற்றவர் லாக். வெள்ளையினப் பதிப்பாளர்களும் இதழாசிரியர்களும் பேசினார்கள், இளம் கவிஞர்கள் அறிமுகமானார்கள். நாவலாசிரியையோ நிகழ்ச்சியின் கடைசிப் பகுதிக்குத் தள்ளப்பட்டார். அந்த இரவின் பலனாக, ‘சர்வே கிராஃபிக்’ இதழ், நியூயார்க்கின் கறுப்பினப் பகுதியான ஹார்லெம் பற்றி வெளியிட்ட சிறப்பிதழைத் தொகுக்கும் பொறுப்பு லாக்கைத் தேடி வந்தது. அச்சிறப்பிதழே விரிந்து ‘தி நியூ நீக்ரோ’ நூலானது. ஊட்டி வளர்த்தவர் ஒருவர், பேர் வாங்கியவர் இன்னொருவர்.

கரிசல்வாசி:
அந்த விருந்தை விரிவாக்கியவர் சார்ல்ஸ் ஜான்சன். லாக்கைத் தலைமை ஏற்க அழைத்தவரும் அவரே. ஃபாஸெட்டின் கட்டுரை தொகுப்பில் இருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். லாக்கின் உண்மையான கொடை வேறு இடத்தில் இருக்கிறது. கலை அனைத்தும் பிரச்சாரமே என்று கறுப்பினச் சிந்தனையாளர் டு போய்ஸ் 1926இல் முழங்கியபோது, இளம் எழுத்தாளர்கள் இனத்தின் வழக்கறிஞர்களாக மட்டுமே இருந்தாக வேண்டும் என்ற நெருக்கடி உருவாகியிருந்தது. 1928இல் லாக் அதை வெளிப்படையாக மறுத்து எழுதினார்.

தேரிக்காடு:
எழுதும் சுதந்திரத்தைப் பற்றிப் பேசியவர் எழுத்தாளர்களை எங்கே கொண்டுபோய் விட்டார்? ஹியூஸும் ஹர்ஸ்டனும் சார்லட் ஆஸ்குட் மேசன் என்ற வெள்ளையினச் செல்வச் சீமாட்டியிடம் சென்றது லாக்கின் வழியாகத்தான். 1927 டிசம்பரில் ஹர்ஸ்டன் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தின்படி அவருக்கு மாதம் 200 டாலர் கிடைத்தது. திரட்டிய நாட்டார் வழக்காறுகளோ மேசனின் உடைமையாயின. பின்னர் லாக் பதிப்பித்த மலிவுவிலை ‘புரோன்ஸ்’ (வெண்கலம்) சிறுநூல் வரிசையிலும் இதே கதைதான்: டு போய்ஸிடம் கேட்டு வாங்கிய நூலை லாக் வெளியிடவே இல்லை.

கரிசல்வாசி:
பிற்காலத்தில் டிரினிடாட்டின் பிரதமரான எரிக் வில்லியம்ஸின் கரீபியன் நூல் 1942இல் வந்ததும் அதே வரிசையில்தான். வாங்கியதை வெளியிடாதது குற்றமென்றால், வெளியிட்டதற்கும் கணக்கு உண்டல்லவா? 1929 முதல் ‘ஆப்பர்சூனிட்டி’ இதழிலும், பின்னர் 1953 வரை ‘ஃபைலான்’ இதழிலுமாக, கறுப்பின வாழ்வு குறித்து வெளிவந்த நூல்களை ஆண்டுக் கணக்கில் மதிப்பிட்டு எழுதியவர் அவர். அந்த உழைப்பை எவரும் விருதுக்காகச் செய்வதில்லை.

வைகைக்கரை:
அந்த மதிப்புரைகளில் ஒன்றையே எடுத்துக்கொள்வோம். ஹர்ஸ்டனின் ‘தெயர் ஐஸ் வேர் வாட்சிங் காட்’ நாவலைப் பற்றி 1938இல் எழுதும்போது, அவருடைய கவித்துவத்தையும் நாட்டார் நகைச்சுவையையும் பாராட்டிவிட்டு, சமூக ஆவணமாக நிற்கும் புனைவுக்கு இவர் எப்போது வரப்போகிறார் என்ற தொனியில் குறைப்பட்டுக்கொள்கிறார் லாக். பத்தாண்டுகளுக்கு முன் பிரச்சாரத்தை மறுத்தவர் இதே மனிதர்தான். விமர்சகர் தம் அளவுகோலை மாற்றிக்கொள்ளலாம், அது அவர் உரிமை. ஹர்ஸ்டன் அதற்குக் கடுஞ்சினத்துடன் ஒரு மறுப்பு எழுதினார். லாக்குக்கு ஆண்டுதோறும் பக்கங்களை ஒதுக்கிய ‘ஆப்பர்சூனிட்டி’ இதழ் அதை வெளியிடவில்லை.