146-ஆ, 118-ஆ? (குழு: வீட்டார் மட்டும்)

*முற்பகல் 11:40, கல்யாணி:*
அனைவருக்கும் ஒரு செய்தி. இன்று காலை 7 மணிக்கு வெறும் வயிற்றில் அம்மாவுக்கு வீட்டுக் குளுக்கோமீட்டரில் சர்க்கரை பார்த்தபோது 146 வந்தது. அதே நேரத்தில் ரத்தம் எடுத்துச் சென்ற லேபிலிருந்து இப்போது வந்திருக்கும் அறிக்கையில் 118 என்று இருக்கிறது. வீட்டில் எடுத்த அளவுகளைப் பார்த்துத்தான் சென்ற வாரம் மருத்துவர் இரவு இன்சுலினை 14 யூனிட்டிலிருந்து 18 ஆக உயர்த்தினார். நாளை மாலை அவரை மீண்டும் பார்க்க வேண்டும். நான் எந்த எண்ணைச் சொல்வது?

*11:43, ரவி:*
அந்தக் கருவி நான் பார்த்துப் பார்த்து வாங்கி அனுப்பியது. லேபை மாற்றுங்கள்.

*11:44, கல்யாணி:*
கருவியை யார் அனுப்பினார்கள் என்பது இங்கே கேள்வி இல்லை, அண்ணா.

*11:46, வசந்தா அத்தை:*
தம்பி பார்த்துவிட்டான். இனி நாம் சாய்ந்து உட்கார்ந்துகொள்ளலாம்.

*11:58, சித்தப்பா:*
கல்யாணி, முப்பது ஆண்டுகள் லேபில் நின்றவன் என்ற முறையில் சொல்கிறேன், பொறுமையாகப் படி. வீட்டுக் கருவிகளுக்கான ஐஎஸ்ஓ 15197 தரநிலை, 2013-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, 100-க்குக் குறைவான அளவுகளில் 15 மில்லிகிராம் வரையும், 100-உம் அதற்கு மேலும் உள்ள அளவுகளில் 15 சதவீதம் வரையும் வேறுபாட்டை அனுமதிக்கிறது. அதுவும் நூற்றுக்கு 95 முறை அந்த எல்லைக்குள் இருந்தால் போதும் என்கிறது. ஆகவே உண்மை அளவு 118 என்றே வைத்துக்கொண்டாலும், நல்ல கருவி 136 வரை காட்டலாம். 146 அந்த எல்லையைத் தாண்டுகிறது. ஆனால் அதனாலேயே கருவிதான் பொய் சொல்கிறது என்று முடிவுகட்டிவிட முடியாது. ரத்தம் குழாயில் ஏறிய பிறகும் அதிலுள்ள அணுக்கள் சர்க்கரையைத் தின்றுகொண்டே இருக்கின்றன. அறை வெப்பத்தில் மணிக்கு ஏறக்குறைய 5 முதல் 7 சதவீதம் குறையும். குழாய் எத்தனை மணிக்கு லேபைச் சேர்ந்தது? அதன் மூடி சாம்பல் நிறமா?

*12:01, கல்யாணி:*
ரத்தம் எடுத்த பையன் இன்னும் நான்கு வீடுகளுக்குப் போக வேண்டும் என்று சொன்னான். மாதிரி பெறப்பட்ட நேரம் 10:05 என்று அறிக்கையில் இருக்கிறது. மூடியின் நிறத்தை நான் கவனிக்கவில்லை.

*12:02, ரவி:*
பார்த்தீர்களா? லேபில்தான் தவறு என்று நான் முதலிலேயே சொன்னேன்.

*12:09, சித்தப்பா:*
அவசரப்படாதே, ரவி. சாம்பல் மூடி என்றால் உள்ளே சோடியம் ஃபுளோரைடு இருக்கும். அது சர்க்கரை சிதையும் பாதையின் கடைசிப் படிகளில் ஒன்றைத்தான் அடைக்கிறது, எனவே முதல் ஒன்றிரண்டு மணி நேரம் இழப்பு நடந்துகொண்டுதான் இருக்கும். ஃபுளோரைடே இல்லாத குழாய் மூன்று மணி நேரம் பையில் கிடந்திருந்தால், 140-ஐ ஒட்டி இருந்த அளவுகூட 118 ஆகக் குறைந்திருக்கலாம். இது லேபுக்கு எதிரான வாதம். கருவிக்கு எதிராகவும் என்னிடம் ஒன்று உண்டு. அண்ணிக்கு ஹீமோகுளோபின் எவ்வளவு?

*12:11, கல்யாணி:*
சென்ற மாதம் 8.6 இருந்தது. இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடுகிறார்கள்.

*12:19, சித்தப்பா:*
அதைத்தான் எதிர்பார்த்தேன். அதை மூன்றால் பெருக்கினால் ஹீமட்டோகிரிட், அதாவது ரத்தத்தில் சிவப்பணுக்கள் அடைத்துக்கொண்டிருக்கும் பங்கு, ஏறக்குறைய 26 சதவீதம் என்று கிடைக்கும். சிவப்பணு குறைந்த ரத்தத்தில் பல கருவிகள் உண்மையைவிடக் கூடுதலான சர்க்கரையைக் காட்டும், சிவப்பணு மிகுந்தால் குறைத்துக் காட்டும். ரத்தச் சொட்டை வைக்கும் ஸ்ட்ரிப்புடன் வரும் தாளில் எந்த ஹீமட்டோகிரிட் எல்லைக்குள் அது நம்பத்தக்கது என்று அச்சிட்டிருப்பார்கள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதைத் தேடிப் படித்துச் சொல்.

*12:21, வசந்தா அத்தை:*
நம் அப்பா சோதனைக் குழாயில் நீலக் கரைசலோடு சிறுநீரை ஊற்றி, ஸ்பிரிட் விளக்கில் காய்ச்சி, நீலமா பச்சையா செங்கல் நிறமா என்று பார்த்து வைத்தியம் செய்துகொண்டார். இத்தனை சதவீதக் கணக்கு அப்போது இல்லை.

*12:25, சித்தப்பா:*
அக்கா, அந்தக் குழாயைக் கழுவியவன் நான். நீல நிறம் என்றால் ரத்தச் சர்க்கரை ஏறக்குறைய 180-ஐத் தாண்டவில்லை என்று மட்டுமே பொருள். 170-உம் நீலம்தான், 40-உம் நீலம்தான். அப்பா வியர்த்து மயங்கி விழுந்த அன்றும் குழாய் நீலமாகவே இருந்தது.

*12:26, வசந்தா அத்தை:*
அந்த நாளை இப்போது எதற்கு இழுக்கிறாய்?

*12:31, கல்யாணி:*
வியர்வை என்றதும் நினைவுக்கு வருகிறது. நேற்று முன்தினம் இரவு 2 மணிக்கு அம்மா வியர்த்துப்போய் எழுந்தார்கள், கை நடுங்கியது. கருவி 82 என்று காட்டியதால் ஒன்றும் கொடுக்காமல் படுக்க வைத்துவிட்டேன்.

*12:32, ரவி:*
இதை இரண்டு நாள் கழித்தா சொல்வாய்?

*12:33, கல்யாணி:*
இரவு 2 மணிக்கு எழுந்து பார்ப்பவள் நான் ஒருத்தி. எப்போது சொல்வது என்பதையும் நானே முடிவுசெய்யக் கூடாதா?

*12:40, சித்தப்பா:*
இருவரும் நிறுத்துங்கள், நமக்கு 146-ஐவிட முக்கியம் இந்த 82 தான். தரமான கருவியே இந்த அளவில் 15 மில்லிகிராம் பிசகலாம் என்பதால், உண்மை 67 ஆகவும் இருந்திருக்கலாம். 70-க்குக் கீழே போனால் அது தாழ்சர்க்கரை. கருவி கூட்டிக் காட்டும் பழக்கமுடையது என்றால் இன்னும் கீழேகூட இருந்திருக்கும். உடம்பு வியர்வையும் நடுக்கமுமாகச் சொல்லும்போது, எண் நன்றாக இருந்தாலும் உடம்பை நம்பி 15 கிராம் குளுக்கோஸ் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். நாளை மாலை வரை காத்திராமல், இன்று இரவு எத்தனை யூனிட் போடுவது என்று மருத்துவரை இப்போதே தொலைபேசியில் கேள். நாமாகக் குறைக்கவும் வேண்டாம், கூட்டவும் வேண்டாம்.

*12:44, தீபா:*
தாத்தா, கையில் ஒட்டும் சென்சார் வாங்கிவிட்டால் இந்தக் குழப்பமே இருக்காதல்லவா? மூன்று மாதச் சராசரிப் பரிசோதனையை மட்டும் நம்பினால் போதாதா?

*12:52, சித்தப்பா:*
சென்சார் இரவில் எச்சரிக்கும், அது பெரிய நன்மைதான், தீபா. ஆனால் அது அளப்பது திசுநீரில் உள்ள சர்க்கரையை. அளவு வேகமாக ஏறும்போதும் இறங்கும்போதும் ரத்தத்தைவிடச் சில நிமிடங்கள் பின்தங்கும், அந்தக் கையை அழுத்திப் படுத்தால் பொய்யாகக் குறைத்தும் காட்டும். மூன்று மாதக் கணக்கான எச்பிஏ1சி, பாட்டியைப் போல இரும்புச்சத்துக் குறைந்தவர்களுக்கு உண்மையைவிடக் கூடுதலாக வரலாம். ஆகவே அதையும் தனியாக நம்ப மாட்டேன்.

*12:54, ரவி:*
சென்சாருக்கு நான் பணம் அனுப்புகிறேன்.

*12:55, கல்யாணி:*
மருத்துவரிடம் பேசிவிட்டேன். இன்று இரவு 14 யூனிட்டே போடச் சொன்னார். 3 மணிக்கு ஒருமுறை அளவு பார்க்க வேண்டுமாம்.

*1:10, அம்மா:*
நான் இந்தக் குழுவில் இருப்பது யாருக்கும் நினைவில்லை போலும். பழைய டப்பாவில் பதினைந்து ஸ்ட்ரிப் மீதம் இருந்தன. வீணாகக் கூடாது என்று அவற்றைப் புது டப்பாவில் கலந்து வைத்தேன். எல்லாம் ஒரே கம்பெனிதான்.

*1:12, கல்யாணி:*
அம்மா! எப்போது கலந்தீர்கள்?

*1:13, அம்மா:*
மூன்று வாரம் இருக்கும். பழைய டப்பாவின் மூடி சரியாக மூடாது.

*1:21, சித்தப்பா:*
அண்ணி, நான் அரை நாளாகக் கட்டிய வாதத்தை நான்கு வரியில் இடித்துவிட்டீர்கள். ஸ்ட்ரிப்பில் இருக்கும் நொதி ஈரக்காற்று பட்டால் கெடும். ஈரத்தை உறிஞ்சும் பொருள் டப்பாவிலேயே இருப்பதால்தான், எடுத்தவுடன் மூட வேண்டும் என்றும் வேறு டப்பாவுக்கு மாற்றக் கூடாது என்றும் எழுதியிருக்கிறார்கள். இப்போது எந்த நாள் அளவு எந்த ஸ்ட்ரிப்பில் எடுத்தது என்று எவராலும் சொல்ல முடியாது. இன்சுலினை உயர்த்தக் காரணமான அளவுகளும் அதில் அடக்கம். அந்த டப்பா முழுவதையும் ஒதுக்கிவிட்டு, புது டப்பாவைத் திறந்து, கருவியைச் சரிபார்க்கவென்றே தெரிந்த அளவு சர்க்கரை கலந்த கட்டுப்பாட்டுக் கரைசலில் ஒரு சொட்டு வைத்து, டப்பாவின் மேல் அச்சிட்ட எல்லைக்குள் எண் வருகிறதா என்று முதலில் பாருங்கள். அது சரியாக வந்தாலும் ஹீமட்டோகிரிட் சந்தேகம் தீராது, ஏனென்றால் அந்தக் கரைசலில் அண்ணியின் ரத்தம் இல்லை. நாளை காலை கருவியோடு லேபுக்கே நேரில் போய், வெறும் வயிற்றில், கையை சோப்பால் கழுவி ஈரம் போகத் துடைத்து, நரம்பில் ரத்தம் எடுக்கும் அதே ஐந்து நிமிடத்துக்குள் விரலிலும் குத்திப் பார்க்க வேண்டும். குழாயை உடனே சுழற்றி அணுக்களைப் பிரிக்கச் சொல்லிக் கேட்க வேண்டும்.

*1:24, ரவி:*
அப்படியென்றால் கருவியில் குறை இல்லை.

*1:25, கல்யாணி:*
அது நாளைக்குத்தான் தெரியும், அண்ணா. கரைசல் பாட்டில் திறந்து எத்தனை மாதம் ஆயிற்று என்று தெரியவில்லை, மேலே தேதி எழுதவில்லை. காலை 7 மணிக்கு எனக்கு வேலை இருக்கிறது. சித்தப்பா, அம்மாவை லேபுக்கு நீங்கள் அழைத்துப் போகிறீர்களா?

*1:38, சித்தப்பா:*
குழாய்களில் சிட்ரேட் கலந்த ஒரு வகையும் உண்டு. அது அமிலத்தன்மையால் சர்க்கரைச் சிதைவை உடனடியாக நிறுத்திவிடுவதால், ஃபுளோரைடு மட்டும் உள்ள குழாயைவிட அதுவே மேல். அந்த லேபில் அது இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள்.

*1:40, வசந்தா அத்தை:*
தம்பி, அவள் கேட்டது அதை இல்லை.