கோல்டியின் இசையில் கோல்டியின் பங்கு எவ்வளவு?

தாளப்பித்தன்:

வணக்கம். வேகமான டிரம்ஸ் தாளமும் கனத்த அடிச்சுருதி ஒலியும் (பேஸ்) கொண்ட ட்ரம் அண்ட் பேஸ் என்ற மின்னணு நடன இசை குறித்துப் பேச்சு எழும்போதெல்லாம் முதலில் அடிபடும் பெயர் இங்கிலாந்து இசைக்கலைஞர் கோல்டியுடையதாகவே இருக்கிறது. 1995இல் வெளிவந்த அவருடைய ‘டைம்லெஸ்’ தொகுப்பைச் சில மாதங்களாகத் தொடர்ந்து கேட்டு வருகிறேன். 21 நிமிடம் ஓடும் அதன் தலைப்புப் பாட்டில், கீழே தடதடத்து ஓடும் தாளத்தைச் சட்டை செய்யாமல் டயான் சார்லமேனின் குரல் நிதானமாக மேலே செல்லும் அழகு எனக்கு இன்னும் சலிக்கவில்லை. ஆனால், கோல்டி இயந்திரங்களை இயக்கத் தெரிந்தவர் அல்லர் என்றும், அந்தத் தொகுப்பின் ஒலிக்கூட வேலையை மூவிங் ஷாடோ என்ற இசை வெளியீட்டு நிறுவனத்தின் ராப் பிளேஃபோர்டுதான் செய்தார் என்றும் நண்பர் ஒருவர் அடித்துச் சொல்கிறார். அது உண்மையானால், புதுமை செய்தவர் என்ற பெயர் கோல்டிக்கு எந்த வகையில் பொருந்தும் என்பதை விவரம் அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

ஒலிக்கூடத்தான்:

நண்பர் சொல்லும் தகவல் சரிதான். அதிலிருந்து அவர் எடுக்கும் முடிவைத்தான் நான் ஏற்கவில்லை. கோல்டி தம் வாழ்நாள் முழுவதும் பொறியாளர்களை அருகில் அமர்த்திக்கொண்டே வேலை செய்தவர். அதை அவர் மறைத்ததும் இல்லை. ‘டைம்லெஸ்’ தொகுப்பில் தயாரிப்பாளராகப் பிளேஃபோர்டின் பெயரும் உண்டு.

புதுமை எங்கே என்று கேட்டால், 1992இல் வந்த ‘டெர்மினேட்டர்’ பாட்டைக் கேட்டுப் பாருங்கள். அக்காலத்து சாம்ப்ளரில் (ஒலித் துண்டுகளைப் பதிந்து மீண்டும் ஒலிக்கவிடும் கருவி) ஒரு தாளத் துண்டின் சுருதியை ஏற்றினால் அதன் வேகமும் கூடும். இறக்கினால் வேகமும் குறையும். தி வின்ஸ்டன்ஸ் குழு 1969இல் பதிவு செய்த ‘அமென், பிரதர்’ பாட்டில் கிரெகரி கோல்மன் தனியாக வாசித்த ஏறக்குறைய ஏழு வினாடி டிரம்ஸ் துண்டை, ட்ரம் அண்ட் பேஸின் முன்னோடியான ஜங்கிள் இசைக்காரர்கள் நிமிடத்துக்கு 160 அடி என்ற அளவுக்கு விரட்டியபோது ஸ்னேர் டிரம் கீச்சென்று ஒலித்ததற்கு அந்தப் பிணைப்பே காரணம். ‘டெர்மினேட்டர்’ பாட்டில் இந்தப் பிணைப்பு அறுபடுகிறது. டிரம்ஸின் சுருதி மட்டும் படிப்படியாக ஏறிக்கொண்டே போக, வேகம் கூடிவிட்டதாகக் காது ஏமாறுகிறது. ஆனால் தொடையில் தாளம் போட்டுக்கொண்டே கேட்டால் காலப்பிரமாணம் இம்மியும் நகரவில்லை என்பது தெரியும். இதைச் செய்யும் ஹார்மனைசர் கருவி 1970களிலிருந்தே ஒலிக்கூடங்களில் இருந்ததுதான். பெரும்பாலும் குரலுக்கும் கிதாருக்கும் பயன்பட்டு வந்த அதற்குள் ஒரு முழுத் தாளத்தையே செலுத்தி, அந்த மயக்கத்தைப் பாட்டின் மையமாக வைக்கலாம் என்று கண்டதற்குத்தான் பெயர் கொடுக்கிறோம். பொத்தானை யார் அழுத்தினார் என்பது எனக்கு இரண்டாம் பட்சம். நானும் பொத்தானை அழுத்திச் சம்பளம் வாங்குகிறவன் என்பதால், இதைச் சற்று மனவருத்தத்துடனேயே சொல்கிறேன்.

நடுநிசி நேயர்:

மேலே சொல்லப்பட்டதோடு அவருடைய பின்னணியையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1965இல் இங்கிலாந்தின் வால்சால் நகரில் கிளிஃபோர்டு பிரைஸ் என்ற பெயரில் பிறந்து, வளர்ப்புக் குடும்பங்களிலும் குழந்தைகள் காப்பகங்களிலும் வளர்ந்த கோல்டி, இசைக்கு வருவதற்கு முன்பே சுவர்களில் கிராஃபிட்டி ஓவியம் வரைபவராகப் பெயர் எடுத்தவர். அமெரிக்காவில் சில காலம் இருந்துவிட்டுத் திரும்பியவரை, கெமிஸ்ட்ரி, ஸ்டார்ம் என்ற இரு பெண் டிஜேக்கள் லண்டனில் ஃபேபியோவும் குரூவ்ரைடரும் இசைத்துவந்த ‘ரேஜ்’ என்ற நடன இரவுகளுக்கு அழைத்துச் சென்றார்கள். அங்கிருந்துதான் அவருடைய இசை வாழ்க்கை தொடங்குகிறது. 1994இல் அந்த இருவரோடும் சேர்ந்து மெட்டல்ஹெட்ஸ் என்ற இசை வெளியீட்டு நிறுவனத்தைத் தொடங்கினார்.

என்னைக் கேட்டால், அவருடைய பாட்டுகளைவிட அந்த நிறுவனமே பெரிய சாதனை. ஃபோட்டெக், டில்லின்ஜா, டாக் ஸ்காட், சோர்ஸ் டைரக்ட் என்று ஒருவர் போல் மற்றவர் ஒலிக்காத ஆட்களை அது ஒரே கூரையின் கீழ் கொண்டுவந்தது. லண்டனில் ஹாக்ஸ்டன் சதுக்கத்தில் இருந்த புளூ நோட் அரங்கில் ஞாயிறுதோறும் அது நடத்திய இரவுகளில், கடைக்கு வராத புதுப் பாட்டுகளை டப்பிளேட் எனப்படும் ஒற்றைப் பிரதி இசைத்தட்டில் வெட்டி எடுத்து வந்து ஒலிக்கவிடுவார்கள். அசிடேட் பூசிய அந்தத் தட்டு சில டஜன் முறை ஓடினாலே தேய்ந்து இரையத் தொடங்கிவிடும். ஆகவே, அன்று அரங்கில் நின்றவர்களுக்கு மட்டுமே வாய்த்த பாட்டுகளும் பல உண்டு. கூட்டம் ஆடாமல் நின்றுவிட்டால், தயாரிப்பாளர் வீட்டுக்குப் போய்ப் பாட்டைத் திருத்த வேண்டியதுதான்.

கறார் காதர்:

இருவரும் கோல்டியைச் சற்று அதிகமாகவே தூக்கி வைத்துவிட்டீர்கள் என்று கருதுகிறேன். ‘டைம்லெஸ்’ வெளிவந்த அதே 1995இல், மான்செஸ்டர்க்காரரான ஏ கை கால்டு ஜெரால்டு ‘பிளாக் சீக்ரெட் டெக்னாலஜி’ தொகுப்பை வெளியிட்டார். கருத்தும் கைவேலையும் ஒருவரிடமே அமைந்த அந்தத் தொகுப்பின் தாள நுணுக்கம் எந்த வகையிலும் குறைந்ததன்று. ஆனால் கோல்டியைப் போலத் தங்கப் பல்லும் பேச்சுத் திறமையும் இல்லாத காரணத்தால் பத்திரிகை அட்டைகள் அவரைத் தேடிப் போகவில்லை. ரீஇன்ஃபோர்ஸ்டு இசை வெளியீட்டு நிறுவனத்தை நடத்திய 4ஹீரோ இரட்டையரான டீகோ, மார்க் மேக் ஆகியோரின் ஒலிக்கூடத்தில்தான் கோல்டி தொழில் பழகினார் என்பதையும் இங்கே யாரும் சொல்லவில்லை.

அடுத்து, 1998இல் வந்த ‘சாட்டர்ன்ஸ் ரிட்டர்ன்’. அதன் முதல் பாட்டான ‘மதர்’ ஒரு மணி நேரம் ஓடுகிறது. டேவிட் போவி, நோயல் கேலகர், கேஆர்எஸ்-ஒன் என்று பெரிய பெயர்கள் எல்லாம் தொகுப்பில் உண்டு; எதை வெட்ட வேண்டும் என்று சொல்ல மட்டும் ஆள் இருந்ததாகத் தெரியவில்லை. யோசனை மட்டுமே போதுமென்றால் அந்தத் தொகுப்பு ஏன் தடுமாறியது?

ஒலிக்கூடத்தான்:

ஜெரால்டு பற்றிச் சொன்னதை அப்படியே ஏற்கிறேன். ‘மதர்’ நீளம்தான், ஆனால் தாயைப் பற்றிய பாட்டில் ட்ரம் அண்ட் பேஸின் அடையாளமான தாளத்தையே நெடுநேரம் வரவிடாமல், நரம்புக் கருவிகளை மட்டும் வைத்துக் காக்க வைக்கும் துணிச்சல் அன்று வேறு யாரிடமும் இல்லை. தடுமாற்றத்தை ஒப்புக்கொள்ளலாம், சோம்பல் என்று சொல்ல முடியாது. பின்னாளில், இசைக்குறி படிக்கத் தெரியாத அவரே, 2009இல் பிபிசி ப்ராம்ஸ் என்ற மேற்கத்தியச் செவ்விசை விழாவுக்காக ‘சினே டெம்போரே’ என்ற வாத்தியக் குழுப் படைப்பை உதவியாளர்களின் துணையுடன் உருவாக்கினார். தலைக்குள் கேட்பதைப் பிறர் கையால் வெளிக்கொணர்வதே அவருடைய வேலைமுறை.

தாளப்பித்தன்:

மூவருக்கும் நன்றி. நண்பரிடம் வாதாட இவ்வளவு போதும். அவரையும் கேட்க வைக்க வேண்டுமென்றால் எதிலிருந்து தொடங்கச் சொல்வது?

நடுநிசி நேயர்:

முதலில் ‘டெர்மினேட்டர்’, அடுத்து 1993இல் வந்த ‘ஏஞ்சல்’, அதன் பிறகு ‘டைம்லெஸ்’ என்ற வரிசையில் கேட்கச் சொல்லுங்கள். டயானின் குரல் ‘ஏஞ்சல்’ பாட்டிலேயே இருப்பதால், மூன்றாவதற்கு வரும்போது அது பழகிய குரலாகிவிடும். காதர் சொன்ன ஜெரால்டு தொகுப்பையும் சேர்த்துக்கொள்ளலாம். கைப்பேசியின் ஒலிபெருக்கியில் மட்டும் கேட்க வேண்டாம். அதில் பேஸ் வராது, டிரம்ஸ் மட்டும் சடசடக்கும், நண்பர் இன்னொரு விவாதத்தைத் தொடங்கிவிடுவார்.