‘டிஸ்ப்ளே வரல’ என்பதற்குக் ‘காட்சி வாராமை’: ஒரு முன்மொழிவு

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

கணினிப் பழுதுநீக்கக் குறிப்பேட்டுக்குத் தமிழ்ச்சொற்கள் தேடும் நம் குழுவில், மேசைக் கணினி இயங்கியும் திரையில் எதுவும் தோன்றாத நிலைக்கு இதுவரை மூன்று சொற்கள் வந்துள்ளன. மண்டபம் ஊர் நண்பர் ‘திரை இருள்’ என்றார். கீழக்கரை அம்மையார் ‘காட்சியின்மை’ என்றார். பிறகு ‘படமின்மை’ வந்தது. ‘படம்’ என்றால் நம் மக்களுக்குத் திரைப்படமும் நிழற்படமுமே முதலில் நினைவுக்கு வரும் என்பதால் மூன்றாவதைப் பற்றி நீட்டி எழுத வேண்டியதில்லை. மற்ற இரண்டையும் எடைபோட்ட பின், ‘காட்சி வாராமை’ என்பதே பொருந்தும் என்று கருதி அதை முன்மொழிகிறேன்.

‘திரை இருள்’ செவிக்கு இனியது. ஆனால் பழுதைத் திரையின் மேல் ஏற்றிவிடுகிறது. கணினிப் பெட்டியின் விசிறி சுழன்று, திரையகத்தில் (மானிட்டர்) ‘நோ சிக்னல்’ என்ற எழுத்துகள் மிதந்துகொண்டிருந்தால், அந்த எழுத்துகளைக் காட்டும் அளவுக்குத் திரையகம் நலமாக இருக்கிறது என்பதே அதன் பொருள். வரவேண்டிய குறிகை (சிக்னல்) தன்னிடம் வந்து சேரவில்லை என்று அதுவே சொல்கிறது. அந்நிலையில் ‘திரை இருள்’ என்று பழுதுச் சீட்டில் எழுதினால், பெட்டியை வீட்டில் வைத்துவிட்டுத் திரையகத்தை மட்டும் கடைக்குத் தூக்கிவரும் வாடிக்கையாளரை நாமே உருவாக்குகிறோம். திரையகத்தில் மின்விளக்கே எரியாமல் போவது வேறு பழுது. அதற்கு ‘திரையகம் இயங்காமை’ என்று நேராகவே சொல்லலாம்.

‘காட்சியின்மை’ இலக்கணப்படி பழுதற்றது, சுருக்கமானது. எனினும் இல்லாமை வேறு, வராமை வேறு. தொண்டி முதல் ஏர்வாடி வரை எந்தக் கடைக்குப் போனாலும் மக்கள் ‘டிஸ்ப்ளே வரல’ என்றுதான் முறையிடுகிறார்கள். இந்த ‘வரல’ என்பதில் தொழில்நுட்ப உண்மை ஒன்று தானாகவே அடங்கியிருக்கிறது: செயலியிலோ (பிராசசர்) வரைகலை அட்டையிலோ (கிராபிக்ஸ் கார்டு) உருவாகும் காட்சி, இணைப்புவாய் (போர்ட்) வழியாகவும் வடம் (கேபிள்) வழியாகவும் பயணம் செய்து திரையை வந்தடைய வேண்டிய ஒன்று. பழுது நீக்குபவர் செய்வதெல்லாம் அந்தப் பயணம் எந்த இடத்தில் தடைபட்டது என்று தேடுவதே. மக்கள் பேச்சிலுள்ள வினையை அப்படியே வைத்துக்கொண்டு ‘வாராமை’ என்று ஆக்கினால், சொல்லே தேடலின் திசையைக் காட்டிவிடும். அத்துடன், நடுவில் காட்சி மறைந்துபோகும் நிலையை இதிலிருந்து பிரித்துக் ‘காட்சி இழப்பு’ என்று சொல்லவும் இடம் கிடைக்கிறது. நன்றாக ஓடிக்கொண்டிருந்த கணினி, வரைகலை அட்டை சூடேறியதால் பத்து நிமிடத்தில் திரையை வெறுமையாக்கினால் அது இழப்பு. மின்விசையை (பவர் பட்டன்) அழுத்தியது முதல் எதுவுமே தோன்றாவிட்டால் அது வாராமை. இரண்டுக்கும் தேடவேண்டிய இடங்கள் வேறு. ‘காட்சியின்மை’ இந்த இரண்டையும் ஒரே கூடையில் போட்டுவிடுகிறது.

பயணத்தடை என்ற பொருளை வலியுறுத்துவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. தனி வரைகலை அட்டை பொருத்திய கணினியில், வடத்தைப் பழக்கத்தால் தாய்ப்பலகையின் (மதர்போர்டு) எச்டிஎம்ஐ வாயில் செருகிவிடுவது மிகப் பரவலாக நடக்கிறது. பெயரின் இறுதியில் ‘எஃப்’ என்ற எழுத்தைக் கொண்ட இன்டெல் செயலிகளில் வரைகலைப் பகுதி செயல்படுவதில்லை. அத்தகைய கணினியில் தாய்ப்பலகையின் வாயிலிருந்து காட்சி ஒருபோதும் வராது. வரைகலை அட்டைக்குச் செல்லும் மின்வடத்தை மறப்பதும் இதே வகைதான். அட்டை செருகப்படும் பள்ளம் அதிகபட்சம் 75 வாட் தரும்; கூடுதலாக ஆறு ஊசி இணைப்பு 75 வாட்டும், எட்டு ஊசி இணைப்பு 150 வாட்டும் தரும் என்பது வரையறை. எட்டு ஊசி கேட்கும் அட்டைக்கு அதைக் கொடுக்காவிட்டால் விசிறி சுழன்றாலும் காட்சி புறப்படாது. இவற்றில் எதிலும் உறுப்புகள் கெடவில்லை, வழிதான் அடைபட்டிருக்கிறது.

நம் இராமநாதபுரக் கடற்கரைக்கே உரிய தடை ஒன்றுக்கும் பெயர் தேவைப்படுகிறது. வடக்கே பாக் விரிகுடாவும் தெற்கே மன்னார் வளைகுடாவும் சூழ்ந்த நம் பகுதியில் உப்புக்காற்று நுழையாத வீடு இல்லை. பாம்பனில் 1914-இல் திறந்த இரயில் பாலத்தின் இரும்பையே ஓயாமல் பராமரிக்கவேண்டி வந்த காற்று, நினைவகத் தகட்டின் (ராம்) முனைகளிலுள்ள மெல்லிய பொன்முலாமை விட்டுவைக்குமா? பொன் துருப்பிடிப்பதில்லை என்பது உண்மையே. ஆனால் முலாம் மிக மெல்லியது. அதன் நுண்துளைகள் வழியாகவும் கீறல்கள் வழியாகவும் அடியிலுள்ள நிக்கலும் செம்பும் அரிக்கப்பட்டு, அந்த அரிப்பு மேலே படர்கிறது. காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 விழுக்காட்டைத் தாண்டினால் படிந்த உப்பு தானே நீரை ஈர்த்துக் கரையத் தொடங்கும். நம் ஊரில் அந்த அளவைத் தாண்டாத இரவுகள் குறைவு. நினைவகத் தொடர்பு அறுபட்டால் கணினி தன் தொடக்கச் சோதனையையே முடிப்பதில்லை. எனவே காட்சியும் வருவதில்லை.

இந்தப் படிவை நம் கடைகளில் ‘கார்பன்’ என்று சொல்கிறார்கள். அது கரி அல்ல. செம்பில் ஏறுவதற்குத் தமிழில் ‘களிம்பு’ என்ற சொல் காலங்காலமாக இருக்கிறது; உயிரையும் ஆணவ மலத்தையும் செம்பும் களிம்பும்போல என்று சைவ சித்தாந்தம் விளக்கும் அளவுக்கு வேரூன்றிய சொல் அது. புண்ணுக்குத் தடவும் மருந்தையும் இன்று களிம்பு என்கிறோம் என்பதால் குழப்பம் வரும் என்று சிலர் கருதலாம். ‘முனைக்களிம்பு’ என்று எழுதினால் அந்த ஐயம் நீங்கும். செயல்முறைக் குறிப்பிலும் அது இயல்பாக அமைகிறது: “மின்வடத்தைப் பிடுங்கி, மின்விசையைச் சில நொடிகள் அழுத்தி எஞ்சிய மின்சாரத்தை வடித்துவிட்டு, நினைவகத் தகட்டைக் கழற்றி, முனைக்களிம்பை ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தோய்த்த மென்துணியால் துடைத்து, உலர்ந்தபின் கொக்கி பூட்டும்வரை இரு பக்கமும் அழுத்திச் செருகுக.” பிள்ளைகளின் அழிரப்பரால் தேய்க்கும் வழக்கத்தை நம் குறிப்பேட்டில் சேர்க்கக்கூடாது என்று உறுதியாகச் சொல்வேன். அது அன்றைக்குக் காட்சியை வரவழைக்கும். ஆனால் தேய்க்கத் தேய்க்கப் பொன்முலாம் குறைந்து, அடுத்த களிம்பு விரைவாக ஏறும்.

கணினி தொடங்கும்போது தன்னைத் தானே சோதித்துக்கொள்வதைத் ‘தொடக்கத் தற்சோதனை’ என்று முன்னரே ஏற்றுக்கொண்டோம். அந்தச் சோதனையில் எழும் ஒலிகளுக்கு மட்டும் பெயர் முடிவாகவில்லை. ‘நீண்ட பீப், குறுகிய பீப்’ என்று எழுதுவதைவிட ‘நெடிலொலி, குறிலொலி’ என்பது நம் பிள்ளைகளுக்கு உடனே விளங்கும். ‘அவார்டு’ வகை பயாஸில் (கணினியைத் தொடக்கிவைக்கும் அடிப்படை மென்பொருள்) ஒரு நெடிலொலியும் இரு குறிலொலிகளும் கேட்டால் பழுது காட்சிப் பகுதியில் என்று பொருள். இந்தக் குறியீடு பயாஸ் தயாரிப்பாளருக்குத் தக்கவாறு மாறும் என்பதால், தாய்ப்பலகையின் கையேட்டைப் பார்க்கவேண்டும் என்ற வரியும் உடன் இருக்கவேண்டும்.

அண்மைக்காலத் தாய்ப்பலகைகள் பலவற்றில் ஒலிக்குப் பதிலாக நான்கு சிறு விளக்குகள் உள்ளன. அவற்றின் அருகே சிபியு, டிராம், விஜிஏ, பூட் என்று அச்சிட்டிருக்கும். முறையே ‘செயலி’, ‘நினைவகம்’, ‘காட்சி’, ‘இயக்கத் தொடக்கம்’ என்று தமிழில் குறிக்கலாம். நம் மக்கள் பெட்டி முழுவதையுமே ‘சிபியு’ என்று அழைப்பதால், முதல் விளக்குக்குச் ‘செயலி’ என்று பெயரிடுவது கட்டாயம் என்று கருதுகிறேன். எந்த விளக்கு அணையாமல் நின்றுவிடுகிறதோ, அங்கேதான் சோதனை தடைபட்டிருக்கிறது. இரண்டாவது விளக்கு நின்றால் காட்சி வாராமைக்குக் காரணம் நினைவகம். நம் ஊரில் முதலில் பார்க்கவேண்டியது முனைக்களிம்பு. மூன்றாவது நின்றால் வரைகலை அட்டை, அதன் மின்வடம், அதன் பள்ளம் ஆகியவற்றைப் பார்க்கவேண்டும். நான்காவது நின்றால் செயலியும் நினைவகமும் காட்சிப் பகுதியும் சோதனையைக் கடந்துவிட்டன, வட்டிலிருந்து இயங்குதளம்தான் ஏறவில்லை. அப்போதும் திரை வெறுமையாக இருந்தால் வடத்தையும் திரையகத்தின் உள்ளீட்டுத் தேர்வையும் முதலில் சரிபார்க்கவேண்டும்.

‘வாராமை’ பழைய வடிவம், ‘வராமை’ இக்கால வழக்கு. எழுத்தில் ‘காட்சி வாராமை’ என்றும், சொற்றொடரில் ‘காட்சி வரவில்லை’ என்றும் கையாளலாம் என்பது என் கருத்து. கீழக்கரை அம்மையார் ‘இன்மை’ வடிவத்தையே விரும்பினால், காட்சி இழப்பை எப்படிப் பிரித்துக்காட்டுவது என்பதையும் சேர்த்து எழுதும்படி வேண்டுகிறேன்.