ஷிஃப்ட் டாக்டரே ஆய்வுக்கு ஆள் சேர்க்கலாமா? (தில்லி)

முனிர்க்கா_எம்டி:
எமர்ஜென்சி மெடிசின் எம்டி முடிக்கப்போகும் தம்பி ஒருவருக்கு இங்கே இரண்டு வேலை வந்திருக்கிறது. ஒன்று முழுக்க ஷிஃப்ட். இன்னொன்று பாதி ஷிஃப்ட், பாதி ஆராய்ச்சி. ஷிஃப்டில் நிற்கும்போதே ஆய்வுக்கு நோயாளிகளைச் சேர்க்க வேண்டும். எதை எடுக்கச் சொல்லலாம்?

ரெட்_ஏரியா:
முதலாவது. நெஞ்சுவலி என்றால் 10 நிமிடத்துக்குள் ஈசிஜி. ரத்தக்கட்டியால் வந்த ஸ்ட்ரோக்குக்கு ஒரு மணி நேரத்துக்குள் கட்டியைக் கரைக்கும் ஆல்டிப்ளேஸ்: கிலோவுக்கு 0.9 மி.கி., உச்சம் 90 மி.கி., பத்தில் ஒரு பங்கு போலஸாக (ஒரே மூச்சில்), மிச்சம் 60 நிமிடத்தில். எடை பார்க்கும் ட்ராலி இல்லாமல் கண்ணளவில் கணக்குப் போடுகிறவர் கையில் ஆறு பக்கப் படிவத்தையும் கொடுத்தால் ஏதாவது ஒன்று கெடும். பெரும்பாலும் படிவம்தான். எல்லாருக்கும் வரிசையாக ஜிசிஎஸ் (நினைவு நிலை மதிப்பெண்) முழுசாக 15 என்றிருக்கும், மூச்சுக்குழாயில் ட்யூப் போட்டுப் பேசவே முடியாத ஆளுக்கும் சேர்த்து!

மயூர்விஹார்_நைட்:
அப்படியானால் படிவத்தைச் சுருக்குங்கள் சார். விபத்தில் ரத்தம் போகிறவர்களை வைத்து நடந்த கிராஷ்-2 ஆய்வில் 40 நாடுகள், 274 ஆஸ்பத்திரிகள், 20,211 பேர். ரத்தப்போக்கைக் குறைக்கும் ட்ரானெக்ஸாமிக் ஆசிட் 1 கிராம் 10 நிமிடத்தில், அடுத்த 1 கிராம் 8 மணி நேரத்தில். முடிவு வந்தது 2010-ல். அடிபட்டு 3 மணி நேரத்துக்குப் பிறகு கொடுத்தால் பலனில்லை, கெடுதலாகவும் போகலாம் என்று மறு வருடம் தெரிந்ததற்கு, அடிபட்ட நேரத்தை யாரோ கேட்டு எழுதியதுதான் காரணம்.

ஆராய்ச்சி நர்ஸ் 9 மணிக்கு வந்து 5 மணிக்குப் போய்விடுவார். ராத்திரி விபத்துக் கேஸ் எல்லாம் விட்டுப்போகும். மிஞ்சுவது பகல்நேர நோயாளிகளைப் பற்றிய ஆய்வு.

ரெட்_ஏரியா:
எழுதிய நேரத்தை நம்ப முடியுமா? சுவர்க் கடிகாரம், மானிட்டர், ஈசிஜி மெஷின், ரெஜிஸ்ட்ரேஷன் கம்ப்யூட்டர், நாலும் நாலு நேரம் காட்டும். மெஷின் 6 நிமிடம் பின்தங்கியிருந்தால், 14-வது நிமிடத்தில் எடுத்த ஈசிஜி 8-வது நிமிடம் என்று பதிவாகும். பத்து நிமிடக் கெடுவில் தேறியாச்சு!

சம்மதம் அதைவிடப் பெரிய தலைவலி. போலீஸின் பிசிஆர் வேன் கொண்டுவந்து இறக்கும் பெயர் தெரியாத ஆளுக்கு யார் கையெழுத்துப் போடுவது? உறவினரே இருந்தாலும், வைத்தியம் பார்க்கிறவரே கேட்டால் மாட்டேன் என்று சொல்லப் பயப்படுவார்.

மயூர்விஹார்_நைட்:
கடிகாரம் சின்ன வேலை. வாரம் ஒருமுறை, காலை ஷிஃப்ட் மாறும்போது, நாலையும் செல்போனோடு ஒப்பிட்டு, வித்தியாசத்தை நோட்டில் எழுதிவிட்டுத் திருத்த வேண்டும். எழுதாமல் திருத்தினால் போன வாரத் தரவைச் சரிபண்ண வழியில்லை.

சம்மதத்துக்கு, எத்திக்ஸ் கமிட்டி முன்கூட்டியே ஒப்புக்கொண்டால், பிறகு வாங்கும் சம்மதத்துக்கு ஐசிஎம்ஆரின் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில்) 2017 வழிகாட்டுதலில் இடமிருக்கிறது. எழுதப்படிக்கத் தெரியாதவர் என்றால் ஆய்வில் சம்பந்தப்படாத சாட்சி வேண்டும். படிவத்தை சர்க்கார் ஹிந்தியில் எழுதிவிட்டு, பீகாரிலிருந்து வந்த கூலித் தொழிலாளிக்குப் புரியவில்லை என்று குறைப்பட்டுப் பயனில்லை.

கரோல்பாக்_பாய்சன்:
பூச்சிமருந்து கேஸை யோசியுங்கள். அதற்கு மாற்று மருந்தான பிராலிடாக்ஸிமை 2 கிராம் கொடுத்துவிட்டு, 48 மணி நேரம் மணிக்கு 1 கிராம் வீதம் தொடர்ந்து ஏற்றினால் சாவு குறைகிறது என்று காட்டிய 2006 ஆய்வு எங்கே நடந்தது? மகாராஷ்டிராவின் பாராமதியில், 200 பேரை வைத்து. எய்ம்ஸில் இல்லை.

ரெட்_ஏரியா:
மீதிக் கதையையும் சொல்லுங்கள் டாக்டர். 2009-ல் இலங்கையில் 235 பேரிடம் மணிக்கு 0.5 கிராம் கொடுத்துப் பார்த்தபோது பலன் தெரியவில்லை; மருந்து வாங்கியவர்களில்தான் சாவு கூடுதல். அங்கே ஆய்வுக்கென்றே தனி டாக்டர்கள் ராப்பகலாக இருந்தார்கள். நான் கேட்பதும் அதைத்தான்.

கரோல்பாக்_பாய்சன்:
டோஸும் வேறு, வந்து சேர்ந்த நோயாளிகளும் வேறு. இரண்டையும் நேருக்கு நேர் நிறுத்த முடியாது. தனி டாக்டர்கள் விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி.

முனிர்க்கா_எம்டி:
சரி, கையெழுத்துப் போடுமுன் தம்பி எதைக் கேட்க வேண்டும்?

மயூர்விஹார்_நைட்:
இப்போது நடக்கும் ஆய்வின் ஸ்க்ரீனிங் லாக்கை (ஆய்வுக்குப் பொருந்துவார்களா என்று பார்த்த நோயாளிகளின் பதிவேடு), பெயர்களை மறைத்துக் காட்டச் சொல்லட்டும். தகுதி இருந்தும் சேர்க்காதவர்கள் எத்தனை பேர், ஏன் என்று அதில் இருக்கும். இரவு 8 முதல் காலை 8 வரை காலியாக இருந்தால் அங்கே ஆராய்ச்சிக்கு ஆள் கிடையாது.

ரெட்_ஏரியா:
ரோஸ்டரையும் (டியூட்டி அட்டவணை) பார்க்கட்டும். ஆராய்ச்சி நாள் எது என்று தேதி போட்டு அச்சடித்திருக்க வேண்டும். 'மாதம் பத்து நாள்' என்ற வாய்ப்பேச்சு செப்டம்பரில் டெங்கு வந்ததும் காணாமல் போகும்.